சிலிக்கன் கார்பைடு படிகத்தின் மேற்பரப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்.எஸ்சி. புராஜெக்டுக்கோ பிஎச்.டி.க்கோ சிலிக்கன் கார்பைடு வேஃபரை (மெல்லிய படிகத் தட்டை) முதல்முறை கையில் வாங்குபவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்று போலவே இருக்கின்றன. அவற்றுக்கான பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். வேண்டிய கேள்விக்கு நேராகப் போய்ப் படித்துக்கொள்ளலாம், ஆனால் "முகம்" பற்றிய பதிலை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

சிலிக்கன் கார்பைடில் மேற்பரப்புக்கு மட்டும் ஏன் இவ்வளவு மெனக்கெடல்?

பொருள் ஒன்றும் புதிது இல்லை. 1891-ல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்செசன் மின்உலையில் தற்செயலாகச் செய்து, கார்பொரண்டம் என்று பெயர் வைத்து, சாணைக்கல்லுக்கும் உப்புத்தாளுக்கும் விற்ற அதே பொருள்தான். அப்போது அதன் கடினத்தன்மை மட்டும் போதுமாக இருந்தது. இன்று மின்சாரக் கார்களின் இன்வெர்ட்டரில் டிரான்சிஸ்டராக உட்கார்ந்திருக்கிறது, கிராஃபீன் (ஓர் அணு தடிமனுள்ள கார்பன் தாள்) வளர்க்கும் தளமாகவும் பயன்படுகிறது. இந்த இரண்டு வேலையுமே படிகத்தின் மேல் சில நானோமீட்டருக்குள்தான் நடக்கின்றன. டிரான்சிஸ்டரில் மின்னோட்டம் ஓடும் வழி, மேலே உள்ள ஆக்சைடு என்ற காப்புப் படலத்துக்கு நேர் கீழே இருக்கிறது, கிராஃபீனோ மேற்பரப்பிலிருந்தே பிறக்கிறது. உள்ளே எவ்வளவு சுத்தமான படிகம் இருந்தாலும் மேலே கோளாறு என்றால் கருவி சரியாக வேலை செய்யாது.

4ஹெச், 6ஹெச், 3சி என்கிறார்களே, அவை வேறு வேறு பொருட்களா?

வேதியியல்படி ஒன்றுதான்: ஒரு சிலிக்கனுக்கு ஒரு கார்பன். ஒவ்வொரு சிலிக்கனையும் நான்கு கார்பன் சூழ்ந்திருக்கும், ஒவ்வொரு கார்பனையும் நான்கு சிலிக்கன். பிணைப்பின் நீளம் சுமார் 0.189 நானோமீட்டர். ஒரு சிலிக்கன் வரிசையும் ஒரு கார்பன் வரிசையும் சேர்ந்த ஈரடுக்குதான் அடிப்படைத் துண்டு, அதன் உயரம் சுமார் 0.25 நானோமீட்டர். பழக்கடையில் ஆரஞ்சு அடுக்கும்போது மேல் வரிசைப் பழம் எந்தக் குழியில் உட்காரும் என்பதற்கு இரண்டு வாய்ப்பு உண்டல்லவா, அதே போல அடுத்த ஈரடுக்கு எந்தப் பக்கம் நகர்ந்து உட்காருகிறது என்பதை வைத்து அடுக்கு வரிசை மாறும். மூன்று ஈரடுக்குக்கு ஒருமுறை திரும்ப வந்து கனசதுர அமைப்பாக இருந்தால் 3சி. நான்குக்கு ஒருமுறை என்றால் 4ஹெச், ஆறுக்கு ஒருமுறை என்றால் 6ஹெச், பின்னவை இரண்டும் அறுகோண அமைப்பு. இப்படி இருநூறுக்கும் மேற்பட்ட பாலிடைப்புகள் (அடுக்கு வரிசை வகைகள்) தெரியவந்திருக்கின்றன, ஆனால் ஆய்வகத்தில் உங்களிடம் வரப்போவது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று.

அடுக்கு வரிசை மட்டும் மாறினாலே மின்பண்பு எவ்வளவு மாறுகிறது பாருங்கள்: பட்டை இடைவெளி (எலக்ட்ரான் கடத்தும் நிலைக்குத் தாவத் தேவையான ஆற்றல்) 3சி-யில் சுமார் 2.4 எலக்ட்ரான் வோல்ட், 6ஹெச்சில் 3.0, 4ஹெச்சில் கிட்டத்தட்ட 3.25. பவர் டிரான்சிஸ்டருக்கு 4ஹெச்தான் என்று தொழில்துறை எப்போதோ முடிவு செய்துவிட்டது. கையில் உள்ளது எது என்று சந்தேகமானால் ராமன் நிறமாலை (லேசர் ஒளி சிதறுவதை வைத்துப் படிகத்தின் அதிர்வைப் பார்ப்பது) எடுங்கள், சில நிமிட வேலை. 4ஹெச்சுக்கு 776-ல் வலுவான கோடு வரும், 6ஹெச்சில் அது 767, 789 என்று இரண்டாகப் பிரிந்திருக்கும், 3சி-க்கு 796 (அலகு எல்லாம் ஒரு சென்டிமீட்டருக்கு இத்தனை அலை).

சிலிக்கன் முகம், கார்பன் முகம் என்பது என்ன? எந்தப் பக்கம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது இதுதான் என்பேன். அறுகோணப் படிகத்தை அடுக்குகளுக்கு இணையாக வெட்டினால் ஒரு பக்கத்தில் மேலே சிலிக்கன் அணுக்கள் நிற்கும், அது (0001) முகம். வேஃபரைத் திருப்பினால் கார்பன் அணுக்கள் நிற்கும், அது (000-1). ஒரே வேஃபரின் இரண்டு பக்கங்கள்தான், ஆனால் நடத்தையில் இரண்டு வெவ்வேறு பொருட்கள் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆக்சிஜனில் சூடாக்கினால் கார்பன் முகத்தில் ஆக்சைடு ஏறத்தாழ பத்து மடங்கு வேகமாக வளரும். கிராஃபீன் வளரும் விதம் வேறு, சூடாக்கும்போது அணுக்கள் தங்களை மாற்றி அமைத்துக்கொள்ளும் வடிவம் வேறு, உருகிய காரத்தில் அரிபடும் விதமும் வேறு. "சிலிக்கன் கார்பைடு மேற்பரப்பில் ஆய்வு செய்தோம்" என்று தொடங்கி, எந்த முகம் என்று கடைசி வரை சொல்லாத கட்டுரைகள் இன்னும் வருகின்றன. அவற்றின் எண்களை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

கண்டுபிடிக்க எளிய வழி: விளிம்பில் வெட்டு உள்ள பழைய வகை வேஃபர் என்றால், சிலிக்கன் முகம் மேலே இருக்கும்போது பெரிய வெட்டிலிருந்து கடிகார முள் திசையில் 90 டிகிரியில் சின்ன வெட்டு இருக்கும். எதிர்த் திசையில் இருந்தால் நீங்கள் கார்பன் முகத்தைப் பார்க்கிறீர்கள். வேஃபரைச் சிறு துண்டுகளாக வெட்டிய பிறகு இந்த அடையாளம் போய்விடும், அதனால் வெட்டும் முன்பே பின்புறத்தில் வைரமுனையால் ஒரு கீறல் போட்டு வையுங்கள். அதுவும் போயிற்றென்றால் ஒரு துண்டைத் தியாகம் செய்து ஆக்சிஜனில் சூடாக்கிப் பாருங்கள். தடித்த ஆக்சைடு ஏறி நிறம் வேறாகத் தெரியும் பக்கம் கார்பன் முகம்.

புதிதாக வாங்கிய வேஃபர் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. அப்படியே அளவெடுக்கத் தொடங்கலாமா?

வேண்டாம். கண்ணுக்கு மின்னுவது அணு அளவில் ஒன்றுமே இல்லை. மோஸ் அளவுகோலில் 9-க்கு மேல் கடினம் உள்ள பொருளை வைரத்தூளால் தேய்த்துத்தான் இந்த நிலைக்குக் கொண்டுவருகிறார்கள், அதனால் கீறல்கள் மேலேயும், அழுத்தத்தில் குலைந்த படிகம் அதற்குக் கீழேயும் இருக்கும். வேதி-இயந்திர மெருகு முடிந்த நல்ல தரமான வேஃபர்களில் இது மிகவும் குறைவு, விலை குறைந்தவற்றில் ஏஎஃப்எம் (அணுவிசை நுண்ணோக்கி) படம் முழுக்கக் கோடு கோடாக வரும்.

தீர்வு ஹைட்ரஜன் அரிப்பு. 1400 முதல் 1600 டிகிரி செல்சியஸில் ஹைட்ரஜன் ஓட்டத்தில் சில நிமிடம் முதல் அரை மணி வரை வைத்தால் சேதமடைந்த பகுதி முழுதும் போய், ஒழுங்கான படிகளும் இடையில் தட்டையான தளங்களும் கிடைக்கும். படிகளின் உயரமும் சும்மா ஏதோ ஓர் எண்ணாக இருக்காது. 6ஹெச்சில் பெரும்பாலும் 1.5 நானோமீட்டர், 4ஹெச்சில் 1 நானோமீட்டர், அதாவது ஒரு முழு அலகுக்கூட்டின் (திரும்பத் திரும்ப வரும் அடுக்குத் தொகுதியின்) உயரம், சில சமயம் அதில் பாதி. சில அடுக்குகள் மற்றவற்றைவிட வேகமாக அரிபட்டு, பின்னால் வரும் படி முன்னால் உள்ளதைப் பிடித்துவிடுவதால் இப்படி ஒன்றாகச் சேர்கின்றன. இந்தப் படம் வராத மாதிரியை வெற்றிட அறைக்குள் அனுப்புவதே வீண்.

ஆர்கான் அயனியால் தாக்கிச் சுத்தம் செய்யலாமே என்று உலோகப் பரப்புகளில் பழகியவர்கள் கேட்பார்கள். இங்கே செய்யாதீர்கள். மேல் அடுக்கு ஒழுங்கிழந்துபோகும், அதைச் சீராக்கப் போதுமான அளவு சூடாக்குவதற்குள் சிலிக்கன் ஆவியாகத் தொடங்கிவிடும்.

வேஃபரில் 4 டிகிரி சாய்வு என்று போட்டிருக்கிறது. பிழையா?

இல்லை, வேண்டுமென்றேதான் சாய்த்து வெட்டுகிறார்கள். படிகத்தின் மேல் புதிதாக அடுக்கு வளர்க்கும்போது, வந்து விழும் அணுக்கள் படியின் ஓரத்தில் போய் ஒட்டினால் கீழே உள்ள அடுக்கு வரிசையைப் பார்த்து அப்படியே தொடரும். பரந்த தளத்தின் நடுவில் தானாகக் கூடினால் 3சி-யாக வளர்ந்து கெடுத்துவிடும். அதனால் தளங்களைக் குறுக்கிவிடுகிறார்கள். 1980-களில் ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் மட்சுனாமி குழு செய்த வேலை இது, இன்றைய சிலிக்கன் கார்பைடு தொழில் முழுதும் இதன் மேல்தான் நிற்கிறது.

மேற்பரப்பு ஆராய்ச்சி செய்பவருக்கு இதன் விளைவு வேறு. 4 டிகிரி சாய்வில் ஒவ்வொரு படியும் ஓர் ஈரடுக்கு உயரம் என்று வைத்தால் தளத்தின் அகலம் வெறும் 3.6 நானோமீட்டர். 0.1 டிகிரி மட்டும் சாய்ந்த வேஃபரில் 1 நானோமீட்டர் படிகளுக்கு இடையே 570 நானோமீட்டர் போலக் கிடைக்கும். எஸ்டிஎம் (ஊசிமுனையால் அணுக்களைப் படமெடுக்கும் நுண்ணோக்கி) படம் எடுப்பதும் கிராஃபீன் வளர்ப்பதும் நோக்கம் என்றால் சாய்வில்லாத வேஃபரைக் கேட்டு வாங்குங்கள், டிரான்சிஸ்டர் ஆக்சைடுதான் ஆய்வு என்றால் 4 டிகிரி வேஃபரே சரி, ஏனென்றால் உண்மையான கருவி அதில்தான் இருக்கிறது.

ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் முக்கினால் சிலிக்கனைப் போல ஹைட்ரஜன் மூடிய சுத்தமான பரப்பு கிடைக்குமா?

கிடைக்காது. சிலிக்கன் வேஃபரை இந்த அமிலத்தில் முக்கி எடுத்தால் தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓடும், ஏனென்றால் பரப்பு முழுதும் ஹைட்ரஜன். சிலிக்கன் கார்பைடை எடுத்தால் தண்ணீர் பரவி நிற்கும். ஆக்சைடு கரைந்த பிறகு மேலே ஹைட்ராக்சில் தொகுதிகள் உட்கார்ந்திருக்கின்றன என்பதை அகச்சிவப்பு நிறமாலை ஆய்வுகள் காட்டின. காரணம் பிணைப்பின் முனைவுத்தன்மை. சிலிக்கனில் என்ன நடக்கிறதென்றால், மேல் அணுவுக்கும் அதன் கீழ் உள்ள அணுவுக்கும் இடையிலுள்ள பிணைப்பை அமிலம் எளிதாக முறித்து ஹைட்ரஜனை விட்டுப்போகும். சிலிக்கன் கார்பைடில் மின்கவர்தன்மை சிலிக்கனுக்கு 1.9, கார்பனுக்கு 2.55, இந்த வலுவான முனைவுப் பிணைப்பை முறிப்பது கடினம், அதனால் வேதிவினை ஹைட்ராக்சிலோடு நின்றுவிடுகிறது.

சிலிக்கனுக்கான செய்முறையை அப்படியே நகலெடுத்துவிட்டு "ஹைட்ரஜன் மூடிய பரப்பு" என்று எழுதுவது இந்தத் துறையில் அலுத்துப்போன தவறு. உண்மையிலேயே ஹைட்ரஜன் மூட வேண்டுமென்றால் ஹைட்ரஜன் வாயுவில் சுமார் 1000 டிகிரிக்குச் சூடாக்குவதுதான் வழி.

மீஉயர் வெற்றிடம் எதற்கு? சாதாரண வெற்றிடம் போதாதா?

கணக்கு எளிது. பத்து லட்சத்தில் ஒரு பங்கு டார் அழுத்தத்தில், மோதும் ஒவ்வொரு மூலக்கூறும் ஒட்டிக்கொள்ளும் என்று வைத்தால், ஒரு நொடிக்குள் ஓரடுக்கு மாசு படிந்துவிடும். அதைவிடப் பத்தாயிரம் மடங்கு நல்ல வெற்றிடத்தில் மூன்று மணி நேரம் போலக் கிடைக்கும். அளவெடுத்து முடிக்க அது வேண்டும்.

மேற்பரப்பு மறுகட்டமைப்பு என்றால் என்ன? 3×3, √3×√3 என்பதெல்லாம் எங்கிருந்து வருகின்றன?

படிகத்தை வெட்டியதும் மேல் வரிசையில் உள்ள ஒவ்வோர் அணுவுக்கும் ஒரு பிணைப்பு ஆளில்லாமல் தொங்கும். அது ஆற்றல் அதிகமான நிலை, அதனால் வாய்ப்புக் கிடைத்தவுடன் அணுக்கள் இடம் மாறி, கூடுதல் அணுக்களைச் சேர்த்துக்கொண்டோ இழந்தோ தொங்கும் பிணைப்புகளைக் குறைத்துக்கொள்ளும். புதிய அமைப்பின் அலகு, கீழே உள்ள படிகத்தின் அலகைவிட எத்தனை மடங்கு பெரியது என்பதைத்தான் அந்த எண்கள் சொல்கின்றன.

சிலிக்கன் முகத்தை எடுத்துக்கொள்வோம். வெற்றிடத்தில் சிலிக்கன் ஆவியைத் தூவிக்கொண்டே 800-850 டிகிரியில் சூடாக்கினால் 3×3 வரும். இதில் சிலிக்கன் ஏராளம்: ஒன்பது அடிப்படை அலகுகள் கொண்ட பரப்பில் பதின்மூன்று கூடுதல் சிலிக்கன் அணுக்கள், ஒன்பது கீழ் அடுக்காகவும், அதன்மேல் மூன்று, உச்சியில் ஒன்று என்று கோபுரம் போலவும் நிற்கும். விளைவு: ஒன்பது தொங்கும் பிணைப்புகள் இருந்த இடத்தில் ஒன்றே ஒன்று மிச்சம். இதை லீட் (பரப்பில் எலக்ட்ரான்கள் சிதறித் திரையில் விழும் புள்ளிகளை வைத்து அமைப்பைக் காண்பது) அளவீடு, எஸ்டிஎம், கோட்பாட்டுக் கணக்கு மூன்றையும் சேர்த்து ஸ்டார்க்கேயும் கூட்டாளிகளும் 1998-ல் தீர்த்தார்கள். மூன்றில் எந்த ஒன்றும் தனியாக இதைச் சொல்லியிருக்க முடியாது.

தூவலை நிறுத்தி ஏறக்குறைய 950-1000 டிகிரிக்குப் போனால் சிலிக்கன் குறைந்து √3×√3, 30 டிகிரி திருகிய அமைப்பு வரும். இங்கே மூன்று மேல் அணுக்களுக்கு ஒரு கூடுதல் சிலிக்கன் அணு, மூன்றின் தொங்கும் பிணைப்பையும் தானே பிடித்துக்கொண்டு தன்னுடையதை மட்டும் தொங்கவிட்டு நிற்கும். ஒரு அலகுக்கு ஒரே ஓர் ஒற்றை எலக்ட்ரான் என்பதால் எளிய பட்டைக் கோட்பாட்டின்படி இது உலோகமாக இருக்க வேண்டும். சோதனையில் குறைகடத்தியாக இருக்கிறது! எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கும் விசை அவற்றை இடத்திலேயே கட்டிப்போட்டுவிடுகிறது, மாட்-ஹப்பார்ட் நிலை என்பார்கள். வெறும் சிலிக்கன் அணுக்களிலேயே இது நடப்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

இன்னும் சூடாக்கினால், சுமார் 1100 டிகிரிக்கு மேல், சிலிக்கன் வேகமாக வெளியேறி மேலே கார்பன் மிகுந்து 6√3×6√3 வரும். 1975-ல் வான் பொம்மலும் கூட்டாளிகளும் லீட் கருவியில் இதைப் பார்த்து, கிராஃபைட் உருவாவதையும் பதிவு செய்துவிட்டார்கள். கிராஃபீன் என்ற சொல்லுக்கு மவுசு வருவதற்கு முப்பது ஆண்டுகள் முன்பு.

கார்பன் முகத்தில் வரிசை வேறு, அங்கே இரண்டு வகை 2×2-வும் வேறொரு 3×3-ம் வரும். பெயர் ஒன்றாக இருந்தாலும் சிலிக்கன் முகத்து 3×3-க்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

லீட் திரையில் √3×√3 தெரிந்துவிட்டது. பரப்பு சுத்தம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

அவசரப்படாதீர்கள். ஹைட்ரஜனில் அரித்த வேஃபரைக் காற்றில் எடுத்து வந்து, எந்தச் சூடாக்கலும் செய்யாமல் நேராக லீட் போட்டாலே √3×√3 தெளிவாகத் தெரியலாம். அது சிலிக்கன் அணுக்கள் போட்ட அமைப்பு இல்லை, ஒழுங்காக வளர்ந்த ஒற்றை அடுக்கு சிலிக்கேட், அதாவது ஆக்சைடு. ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழகக் குழு 1999-ல் இதன் அமைப்பைக் கண்டுபிடித்து வெளியிட்டது. இரண்டுக்கும் புள்ளிகள் ஒரே இடத்தில் விழும், ஆனால் ஆற்றலை மாற்றும்போது புள்ளிகளின் பிரகாசம் மாறும் விதம் வேறு. அதெல்லாம் அளக்க நேரமில்லை என்றால் ஆஜே நிறமாலையிலோ எக்ஸ்பிஎஸ்ஸிலோ (இரண்டுமே வெளிவரும் எலக்ட்ரான்களின் ஆற்றலை வைத்துப் பரப்பில் என்ன தனிமம் இருக்கிறது என்று சொல்பவை; எக்ஸ்பிஎஸ்ஸில் எக்ஸ்-கதிர் பாய்ச்சுவார்கள்) ஆக்சிஜன் இருக்கிறதா என்று பார்த்தால் போதும், கதை வெளிவந்துவிடும்.

எக்ஸ்பிஎஸ்ஸில் எந்த உச்சியை எப்படிப் படிப்பது?

முதலில் எண்கள். படிகத்தின் உள்ளே உள்ள சிலிக்கனின் 2பி உச்சி சுமார் 100.5 எலக்ட்ரான் வோல்ட்டில், கார்பனின் 1எஸ் சுமார் 283-ல் (2பி, 1எஸ் என்பவை அணுவின் உள் எலக்ட்ரான் நிலைகளின் பெயர்கள்). தனிச் சிலிக்கன் என்றால் 99.3 பக்கம், சிலிக்கன் டையாக்சைடு என்றால் 103-க்கு மேல். கிராஃபீன் கார்பன் 284.5-284.7, சிலிக்கன் முகத்தின் முதல் கார்பன் அடுக்கு (கீழே வரும் கிராஃபீன் பதிலைப் பாருங்கள்) 284.75, 285.55 என்ற இரண்டு கூறுகளாக வரும்.

இந்த எண்களை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு நிறமாலையில் தேடுவதுதான் சிக்கலின் தொடக்கம். அகலப் பட்டை இடைவெளிப் பொருள் என்பதால் மேற்பரப்பில் பட்டை வளைவு (மேற்பரப்பை ஒட்டி எலக்ட்ரான் ஆற்றல் நிலைகள் ஏறி இறங்குவது) மாறினாலே எல்லா உச்சிகளும் சேர்ந்து அரை, ஒரு எலக்ட்ரான் வோல்ட் நகரும். மின்கடத்தாத வகை வேஃபர் என்றால் மின்னேற்றம் வேறு சேர்ந்துகொள்ளும். அதனால் தனி எண்ணைவிட, படிகத்தின் கார்பன் உச்சிக்கும் சிலிக்கன் உச்சிக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள், அது சுமார் 182-ல் நிற்கும், இரண்டும் சேர்ந்தே நகர்வதால் மாறாது.

அடுத்தது, காற்றில் படியும் அழுக்குக் கார்பனை 284.8-ல் வைத்து அளவைச் சரிசெய்யும் வழக்கம். கிராஃபீனும் அதே இடத்தில்தான் வருகிறது என்னும்போது எந்தக் கார்பனை எந்தக் கார்பனை வைத்துத் திருத்துகிறீர்கள்? சிலிக்கன் கார்பைடில் இந்த வழக்கத்தை விட்டுவிடுவதே நல்லது, உலோகத் தாங்கியோடு நல்ல மின்தொடர்பு கொடுத்து ஃபெர்மி விளிம்பை (உலோகத்தில் எலக்ட்ரான்கள் நிரம்பிய உச்ச ஆற்றல் நிலையை) வைத்துச் சரிபாருங்கள்.

மூன்றாவதாக, மென்பொருள் கேட்கிற அளவுக்கு உச்சிகளைச் சேர்ப்பது. எத்தனை உச்சி போட்டாலும் வளைகோடு இன்னும் அழகாகப் பொருந்தும், அதில் ஒரு சாதனையும் இல்லை. சிலிக்கன் 2பி என்றால் 0.6 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளியில் 2:1 விகித இரட்டையாகத்தான் பொருத்த வேண்டும், ஒவ்வொரு கூடுதல் உச்சிக்கும் வேறொரு அளவீட்டிலிருந்து ஆதாரம் வேண்டும். ஏழு உச்சி போட்ட கார்பன் நிறமாலையைப் பார்த்தால் நான் அந்தக் கட்டுரையை மேற்கொண்டு படிப்பதில்லை.

எக்ஸ்பிஎஸ் எவ்வளவு ஆழம் பார்க்கிறது? எனக்கு மேல் அடுக்கு மட்டும்தான் வேண்டும்.

ஆய்வகத்தில் வழக்கமாக இருக்கும் அலுமினிய மூலம் 1486.6 எலக்ட்ரான் வோல்ட். கார்பன் 1எஸ் எலக்ட்ரான் சுமார் 1200 எலக்ட்ரான் வோல்ட் இயக்க ஆற்றலோடு வெளிவரும், ஆற்றல் இழக்காமல் அது போகும் சராசரித் தூரம் 2 நானோமீட்டருக்குச் சற்று மேல். சமிக்ஞையின் பெரும்பகுதி மேல் 6-7 நானோமீட்டரிலிருந்து வருகிறது, அதாவது இருபத்தைந்து ஈரடுக்குகளுக்கு மேல். மேல் அடுக்கின் பங்கு அதில் கொஞ்சம்தான்.

மாதிரியைச் சாய்த்து 60 டிகிரியில் எடுத்தால் ஆழம் பாதியாகும். இரண்டு கோணத்திலும் எடுத்து ஒப்பிட்டு, எந்த உச்சி வளர்கிறதோ அது மேற்பரப்பைச் சேர்ந்தது என்று சொல்லலாம். இதைக்கூடச் செய்யாமல் மேற்பரப்புக் கூறு என்று பெயர் சூட்டுவதில் அர்த்தமில்லை. சிங்க்ரோட்ரான் (ஆற்றலை மாற்றக்கூடிய எக்ஸ்-கதிர் தரும் பெரிய முடுக்கி) கிடைத்தால் ஃபோட்டான் ஆற்றலை 350 எலக்ட்ரான் வோல்ட் பக்கம் இறக்கலாம், அப்போது ஆழம் அரை நானோமீட்டர் அளவுக்கு வந்துவிடும்.

சூடாக்கினால் கிராஃபீன் வந்துவிடும் என்கிறார்களே, அவ்வளவுதானா?

அடிப்படை அவ்வளவுதான்: சிலிக்கன் ஆவியாகிறது, மிஞ்சிய கார்பன் தேன்கூடு அமைப்பில் கூடுகிறது. ஓரடுக்கு கிராஃபீனுக்கு வேண்டிய கார்பன் சேர மூன்று ஈரடுக்குகளுக்குச் சற்று அதிகமாகக் கரைய வேண்டும். தரமான கிராஃபீன் வேண்டும் என்றால்தான் கதை நீளும்.

சிலிக்கன் முகத்தில் முதலில் உருவாகும் கார்பன் அடுக்கு தோற்றத்தில் கிராஃபீன், குணத்தில் கிராஃபீன் இல்லை. அதன் அணுக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கீழே உள்ள சிலிக்கனோடு பிணைந்துவிடுவதால் கிராஃபீனுக்கே உரிய கூம்பு வடிவப் பட்டைகள் அதில் இல்லை. மேலே பார்த்த 6√3 அமைப்பு இதுதான்; கிராஃபீனின் 13×13 அலகும் படிகத்தின் 6√3×6√3 அலகும் கிட்டத்தட்ட ஒரே அளவாக இருப்பதால் அப்படிப் பொருந்துகிறது. இதை இடைநிலை அடுக்கு, பஃபர் லேயர் என்கிறோம். இரண்டாவது அடுக்கு இதற்குக் கீழே உருவாகும்போது முதலாவது விடுபட்டு உண்மையான கிராஃபீன் ஆகிறது, அதாவது புதியது எப்போதும் அடியிலிருந்து வருகிறது.

வெற்றிடத்தில் செய்தால் சிலிக்கன் தாறுமாறாக ஓடி, பரப்பு குழியும் மேடுமாகும். 2009-ல் ஜெர்மன் குழு ஒன்று கிட்டத்தட்ட வளிமண்டல அழுத்தத்தில், 900 மில்லிபார் ஆர்கானில், 1650 டிகிரியில் செய்து காட்டியது. வெளியேறும் சிலிக்கன் அணுக்களை ஆர்கான் திருப்பி அடிப்பதால் ஆவியாதல் மெதுவாகிறது, அதே நேரத்தில் வெப்பம் கூடுதலாக இருப்பதால் கார்பன் அணுக்கள் நகர்ந்து ஒழுங்காக உட்கார நேரம் கிடைக்கிறது. அதே ஆண்டு ஷ்டுட்கார்ட்டில் ரீடல், ஸ்டார்க்கே குழு பஃபர் அடுக்குக்கு அடியில் ஹைட்ரஜனைச் செலுத்தி, சிலிக்கனோடு இருந்த பிணைப்புகளை வெட்டி, அதையே கிராஃபீனாக மாற்றியது. வேதியியல் இவ்வளவு நேராக மின்பண்பை மாற்றும் சோதனைகள் குறைவு.

பயன் இருக்கிறதா என்றால், மின்தடை அளவுத்தரத்தில் கண்டிப்பாக இருக்கிறது. குவாண்டம் ஹால் விளைவில் வரும் 12,906.4 ஓம் மதிப்பைச் சிலிக்கன் கார்பைடின் மேல் வளர்ந்த கிராஃபீன் மிகத் துல்லியமாகத் தருகிறது, தேசிய அளவீட்டு நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன. பஃபர் அடுக்கையே நன்றாக ஒழுங்குபடுத்தினால் 0.6 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளி உள்ள குறைகடத்தி ஆகும் என்று 2024 தொடக்கத்தில் ஜார்ஜியா டெக், தியான்ஜின் குழுக்கள் வெளியிட்டன. இவ்வளவு நாள் வேண்டாத அடுக்கு என்று ஒதுக்கி வைத்தது!

கார்பன் முகத்தில் இந்தப் பஃபர் அடுக்கு சிலிக்கன் முகத்தைப் போல உருவாவதில்லை, ஒன்றுக்கொன்று திருகிய பல அடுக்குகள் வேகமாக வரும், எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது தலைவலி.

கட்டுரையில் போட்ட வெப்பநிலையில் எனக்கு அதே அமைப்பு வரவில்லையே?

வராது. பெரும்பாலானோர் பைரோமீட்டரால் (சூடான பொருளின் ஒளிர்வை வைத்து வெப்பநிலை சொல்லும் கருவியால்) அளக்கிறார்கள், சிலிக்கன் கார்பைடோ கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் அண்மை அகச்சிவப்பிலும் ஓரளவு ஒளி புகும் பொருள். கருவி பார்ப்பது வேஃபரையா அதன் பின்னால் உள்ள சூடேற்றியையா என்பது வேஃபரின் மாசூட்டத்தை (வேண்டுமென்றே சேர்த்த வேற்று அணுக்களை) பொறுத்தது. வெப்பநிலை எண்ணை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு, லீட்டில் அமைப்பு மாறும் இடங்களை வைத்து உங்கள் அறையின் அளவைச் சரிசெய்துகொள்ளுங்கள். நான் மேலே கொடுத்த வெப்பநிலைகளுக்கும் இது பொருந்தும்.

டிரான்சிஸ்டரில் ஆக்சைடு இடைமுகம் ஏன் இத்தனை ஆண்டாகத் தொல்லை கொடுக்கிறது?

சிலிக்கனைப் போலவே இதிலும் சூடாக்கினால் சிலிக்கன் டையாக்சைடு வளரும், இந்த வசதி வேறு எந்த அகலப் பட்டை இடைவெளிக் குறைகடத்திக்கும் இப்படி இல்லை. வித்தியாசம் கார்பனில். சிலிக்கன் ஆக்சைடாக மாறும் ஒவ்வொரு முறையும் கார்பன் கார்பன் மோனாக்சைடாக மாறி, வளர்ந்த ஆக்சைடு வழியாகவே வெளியேற வேண்டியிருக்கிறது. போன வழியில் என்னென்ன விட்டுப்போகிறது, இடைமுகத்தில் கார்பன் திரள்கள் உண்மையிலேயே இருக்கின்றனவா என்பது பல ஆண்டு வாதம். ஒன்று மட்டும் தெளிவு: கடத்தும் பட்டையின் விளிம்புக்கு அருகில் எலக்ட்ரான்களைப் பிடித்து வைக்கும் பொறிகள் ஏராளம். 4ஹெச் படிகத்தின் உள்ளே எலக்ட்ரான் நகர்திறன் ஆயிரத்தை நெருங்கும் (சதுர சென்டிமீட்டர்/வோல்ட்-நொடி), ஆனால் சிலிக்கன் முகத்தில் வெறும் ஆக்சிஜனில் வளர்த்த ஆக்சைடுக்குக் கீழே பத்துக்கும் குறைவு.

2000-ஐ ஒட்டி வந்த விடை நைட்ரிக் ஆக்சைடு வாயுவில் சுமார் 1175 டிகிரியில் சூடாக்குவது. நைட்ரஜன் இடைமுகத்தில் ஓரடுக்குக்கும் குறைவாகப் போய் உட்கார்ந்து பொறிகளைக் குறைக்கிறது, நகர்திறன் 30-40 ஆகிறது. இன்று விற்கும் டிரான்சிஸ்டர்களில் பெரும்பாலானவை இந்த வழியில் வந்தவைதான். ஆயிரத்தில் நாற்பது என்பது இன்னும் வெட்கக்கேடான விகிதம்தான். அதனால்தான் ஆக்சைடை வளர்க்காமல் மேலே படியவைப்பது, பக்கவாட்டு முகங்களில் பள்ளம் தோண்டி அங்கே டிரான்சிஸ்டர் செய்வது என்று முயற்சிகள் தொடர்கின்றன. பக்கவாட்டு (11-20) முகத்தில் நகர்திறன் கணிசமாகக் கூடுவது உண்மை. இங்கேயும் எந்த முகம் என்ற கேள்விதான் முதலில்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆக்சிஜன் அழுத்தம் மிகக் குறைவாக இருந்து வெப்பம் அதிகமானால் ஆக்சைடு படியவே படியாது; சிலிக்கன் மோனாக்சைடு, கார்பன் மோனாக்சைடு இரண்டுமே வாயுவாகப் போய்ப் பரப்பு அரிபடும். வெற்றிட அறையில் சிறு கசிவோடு சூடாக்கினால் குழிகள் வருவதற்கு இது ஒரு காரணம்.

உருகிய பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் போட்டு அரிப்பது எதற்கு?

இடப்பெயர்வுகளை (படிகத்தில் அணு வரிசை பிசகிய கோடுகளை) எண்ண. சுமார் 500 டிகிரியில் சில நிமிடம் போட்டால் சிலிக்கன் முகத்தில் திருகு இடப்பெயர்வு வெளிவரும் இடத்தில் பெரிய அறுகோணக் குழி, விளிம்பு இடப்பெயர்வுக்குச் சின்னது, அடித்தளத்தில் படுத்திருப்பதற்கு நீள்வட்டமான சிப்பி வடிவக் குழி. சாதாரண நுண்ணோக்கியே போதும். கார்பன் முகத்தில் இது வேலை செய்யாது, பரப்பு முழுதும் ஒரே சீராக அரிபட்டுவிடும்.

கல்லூரியில் மீஉயர் வெற்றிடக் கருவி இல்லை. உருப்படியாக என்ன செய்யலாம்?

நிறையச் செய்யலாம். ஏஎஃப்எம், ராமன், நீர்த்துளிக் கோண அளவீடு மூன்றும் இருந்தாலே அரிப்பு, படி உயரம், வேதிச் சுத்திகரிப்புக்குப் பின் பரப்பு எப்படி மாறுகிறது என்று ஒரு நல்ல புராஜெக்டு செய்துவிடலாம். இரண்டு முகத்தையும் ஒரே செய்முறையில் ஒப்பிடுங்கள், அந்த ஒப்பீடே பல கட்டுரைகளில் இல்லை. ராமனில் கிராஃபீனைத் தேடும்போது ஒரு கவனம்: 1500-க்கும் 1700-க்கும் இடையில் சிலிக்கன் கார்பைடுக்கே இரண்டாம் நிலைக் கோடுகள் உண்டு, கிராஃபீனின் 1580 கோடு அதற்குள் மறையும். வெறும் வேஃபரின் நிறமாலையை எடுத்துக் கழித்துவிட்டு, 2700 பக்கம் வரும் கோட்டையும் பாருங்கள்.

ஒருமுறை கிராஃபீன் வளர்த்த துண்டைத் திரும்பப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. ஹைட்ரஜன் அரிப்பை மறுபடி செய்தால் கிராஃபீன் போய்ப் புதிய படிகள் வந்துவிடும். இல்லையென்றால் ஆக்சிஜனில் சூடாக்கி, ஆக்சைடை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் கரைத்து எடுக்கலாம். அந்த அமிலத்தைத் தனியாக இருக்கும்போது தொடாதீர்கள், கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், தோலில் பட்டால் உடனே எரியவில்லை என்பதற்காகச் சும்மா இருந்துவிடக் கூடாது. தண்ணீரில் கழுவி, ஜெல்லைத் தடவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.